டிக்கெட்டில் யாருடைய இனிஷியல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, காலையில் நடக்கப் போகிறார், திரும்பும் வழியில் வடை சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார், கேட்டால் இல்லவே இல்லை என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில், உங்கள் சமூக ஊடகக் கம்பெனியில் பதிவுகளை நீக்குவது பற்றிப் பேசும்போது நீ கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தை நாலு நாளாக மனசுக்குள்ளேயே கிடக்கிறது. "கவர்ன்மென்ட் எடுக்கச் சொன்னா கம்பெனி எடுத்துத்தாம்மா ஆகணும், இதுல தனியா யார் தப்புன்னு தேடுறதுக்கு என்ன இருக்கு" என்றாய். பேச்சு அப்படியே சாப்பாட்டுக்குப் போய், டப்ளின் குளிருக்குப் போய், போனை வைத்துவிட்டோம். உனக்கு வேலை நேரம், எனக்கும் உடனே பதில் வரவில்லை. இப்போது வருகிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீளமாகப் போகும், ஒரு லீவு நாளில் படி.

நான் டெலிபோன் டிபார்ட்மென்டில் ஆபரேட்டராகச் சேர்ந்தது 1980-ல் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அங்கே என்ன வேலை செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்போது வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் 180-க்கு அடித்து டிரங்க் கால் புக் செய்வார்கள். நாங்கள் ஒரு சின்னச் சீட்டில் எழுதுவோம், டிக்கெட் என்போம். எந்த எண்ணிலிருந்து எந்த ஊர், எந்த எண், ஆர்டினரியா அர்ஜென்டா, பி.பி. காலா (அதாவது குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேசுவேன் என்பது), புக் செய்த மணி, இணைத்த மணி, பேசி முடித்த மணி, கடைசியில் ஆபரேட்டரின் இனிஷியல். அந்த இனிஷியல் இல்லாத டிக்கெட் செல்லாது. ஒரு லைன் கிடைக்க ஆறு மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. டிக்கெட்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும், லைன் கிடைக்கக் கிடைக்க வரிசைப்படி இணைப்போம். எம்.ஜி.ஆர். இறந்த அன்றைக்கு, 1987 டிசம்பர் 24, அடுக்கு எத்தனை உயரம் போனது என்று சொன்னால் நம்ப மாட்டாய். பத்திரிகைக்காரர்கள், கட்சிக்காரர்கள், சென்னையில் பிள்ளையை வைத்திருக்கும் அம்மாக்கள், எல்லோரும் ஒரே அடுக்கில் இருந்தார்கள்.

ஒரு தப்பும் செய்திருக்கிறேன், அதைத்தான் முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும். 1983-ல் ஒரு சாயங்கால ஷிஃப்ட். கூட வேலை பார்த்தவளின் அண்ணன் மெட்ராஸுக்கு அவசரமாகப் பேச வேண்டும் என்றாள், அவர் டிக்கெட்டை நான் நாலைந்து இடம் மேலே நகர்த்திவிட்டேன். அதனால் தள்ளிப்போனவற்றில் ஒன்று, தபால் ஆபீஸிலிருந்து ஒரு பெரியவர் புக் செய்த பி.பி. கால், அவருடைய மகனுக்கு. அவர் முறை வருவதற்குள் சர்க்யூட் போய்விட்டது, மறுநாள்தான் வந்தது. தபால் ஆபீஸ் மூடும்வரை அந்த மனிதர் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் காலையில் சூப்பர்வைசர் அந்த இரண்டு டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்து, மணியைக் காட்டி, "இது யார் இனிஷியல்?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். மெமோ வாங்கினேன். அந்தப் பெரியவர் மகனிடம் என்ன சொல்ல நினைத்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என்னைக் கேட்க முடிந்தது பார், அதுதான் விஷயம். சீட்டில் பெயர் இருந்தது, மணி இருந்தது, கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தார், பதில் சொல்ல நான் இருந்தேன்.

உங்கள் வேலையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிக்கெட்தான் ஞாபகம் வருகிறது. நீயும் இணைப்பு வேலைதான் பார்க்கிறாய். யார் சொல்வது யார் காதுக்குப் போகும், எது முதலில், எது போகவே போகாது என்று உங்கள் கம்பெனியில் ஒரு இடத்தில் முடிவாகிறது. அந்த முடிவில் யாருடைய இனிஷியலும் இல்லை. என் மனத்தாங்கல் அவ்வளவுதான், மீதி எல்லாம் அதற்கான விளக்கம்.

டிரெய்னிங்கில் எங்களுக்கு ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், இறுதிச் சடங்குக் காரியங்களுக்குக் கடை வைத்திருந்தவர். அவரைக் கேட்டு வரும் போன்களை எல்லாம் ஆபரேட்டர் பெண் போட்டிக் கடைக்காரனுக்கே இணைத்துவிடுகிறாள், அவள் அவனுக்குச் சொந்தக்காரி என்று அவருக்குச் சந்தேகம். சண்டை போட்டுப் பார்த்து, கடைசியில் ஆபரேட்டரே வேண்டாம் என்று தானாக இணைக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1891-ல் காப்புரிமை கிடைத்தது. அந்த ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச்தான் நம் ஊர்களிலும் தொண்ணூறுகள் வரை டக்டக்கென்று ஓடியது. சொந்தக்காரி கதை எவ்வளவு தூரம் நிஜமோ, ஆனால் அவர் பயந்த விஷயம் நிஜம். நடுவில் இருக்கிற கைக்கு ஒரு பக்கச் சாய்வு வந்துவிட்டால் வெளியே இருப்பவனுக்கு அது தெரியவே தெரியாது, போன் வரவில்லை, வியாபாரம் இல்லை என்று மட்டும்தான் தெரியும். மனிதக் கை வேண்டாம் என்று அவர் இயந்திரம் செய்தார். இன்றைக்கு நீங்கள் செய்கிற இயந்திரத்துக்குள்ளேயே அந்தக் கையை வைத்துவிட்டீர்கள், அல்காரிதம் என்று பேர்.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். "நீங்களும் லைட்னிங் கால் என்று எட்டு மடங்கு காசு வாங்கிக்கொண்டு முன்னால் விட்டீர்களே, அது மட்டும் என்ன?" என்பாய். ஆமாம், விட்டோம். காசுள்ளவன் முன்னால் போனான், அது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விலை எல்லோருக்கும் ஒரே விலை, போர்டில் எழுதியிருக்கும், டிக்கெட்டில் 'லைட்னிங்' என்று எழுதியிருக்கும். ஜவுளிக்கடை முதலாளி தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி அனுப்பினார் என்பதற்காகப் போட்டிக் கடைக்காரனின் டிக்கெட்டை அடியில் தள்ள முடியாது. தள்ளினால் மாட்டிக்கொள்வோம், நான் மாட்டிக்கொண்ட மாதிரி.

இதெல்லாம் உனக்குப் புதிது இல்லையே. 2015 ஏப்ரலில், நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி "அம்மா, டிராய்க்கு மெயில் அனுப்பு, நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணு" என்று என்னை உட்கார வைத்தாயே, டிராய் என்றால் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையம். இணையச் சமவாய்ப்பு, நெட் நியூட்ராலிட்டி, எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று ஒரு மணி நேரம் விளக்கினாய். எனக்கு விளக்கவே தேவையிருக்கவில்லை, கேட்டதும் "இது ஸ்ட்ரோஜர் கதைதானே" என்றேன், நீதான் அவசரத்தில் காதில் வாங்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் பத்து லட்சம் மெயில் போனது. அதில் ஒன்று என்னுடையது, ஒன்று அப்பாவுடையது.

அப்போது நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார். 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட் டாட் ஆர்க் என்று கொண்டுவந்தது, முதலில் வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஏழைகளுக்கு இலவச இணையம் என்றார்கள், ஆனால் அந்தக் கதவு வழியாக அவர்கள் அனுமதித்த தளங்கள் மட்டும்தான் தெரியும். எதிர்ப்பு வந்ததும் ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயரை மாற்றினார்கள். அந்த வருஷக் கடைசியில் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம், நாட்டில் ஃபேஸ்புக் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் டிராய்க்கு ஆதரவுக் கடிதம் அனுப்பச் சொல்லி அறிவிப்பு. லட்சக்கணக்கில் ஒரே மாதிரி கடிதம் வந்து குவிந்தது, நாங்கள் கேட்ட கேள்விக்கு இதில் பதில் எங்கே என்று டிராயே கேட்டது. 2016 பிப்ரவரி 8-ம் தேதி உத்தரவு வந்தது. எந்தத் தளத்தைப் பார்க்கிறாய் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு கட்டணம் வைக்கக் கூடாது, மீறினால் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அபராதம். நீ அன்றைக்கு போனில் கத்தின கத்தல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அதே வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை இலவசமாகவே அள்ளி விட்டது, அதில் வேறு கேள்விகள் உண்டு, ஆனால் எந்தத் தளம் என்று பொறுக்கிக் கொடுக்கவில்லை. அப்புறம் ஏழைகளுக்கு இணையம் வராமலா போய்விட்டது? நம் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற அம்மா இப்போது தன் மகளோடு வீடியோவில் பேசுகிறாள்.

அந்தப் பத்து லட்சத்தில் ஒருத்தியாக இருந்த நீதான் இப்போது அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய். வேலைக்குப் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை பாப்பா, பெருமைதான். நல்லவர்கள் உள்ளே இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன், வேறு யாரிடம் கேட்பேன்.

உன் அத்தை விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். கருப்பட்டி மிட்டாயும் வத்தலும் விற்க அவள் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தாள் இல்லையா, நாலு வருஷமாகக் கஷ்டப்பட்டுச் சேர்த்த ஆட்கள், தீபாவளி ஆர்டர் முழுக்க அதில்தான் வரும். போன ஆவணியில் ஒருநாள் காலையில் அது இல்லை. 'எங்கள் சமூக விதிமுறைகளுக்கு மாறானது' என்று ஒரு வரி. எது மாறானது? மிட்டாயா, வத்தலா, அவள் பேரப்பிள்ளை போட்டோவா? பதில் கிடையாது. மேல்முறையீடு என்று ஒரு பொத்தான், அழுத்தினால் அரை மணியில் 'பரிசீலித்தோம், மாற்றமில்லை'. நம் காலத்தில் போன் வேலை செய்யவில்லை என்றால் 198-க்கு அடித்துத் திட்டவாவது ஒரு மனிதர் கிடைப்பார். இவள் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் பண்ணி அழுதாள். 62 வயதில் வியாபாரம் கற்றுக்கொண்டு நின்றவள்.

நான்தான் தேடிப் பிடித்தேன். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு பெரிய சமூக ஊடகக் கம்பெனிக்கும் இந்தியாவில் ஒரு குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், 24 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், அப்போது இருந்த விதிப்படி 15 நாளில் தீர்க்க வேண்டும். அதிலும் சரிவரவில்லை என்றால் 2023 ஜனவரியில் அரசாங்கம் அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்கள் இருக்கின்றன, ஆன்லைனிலேயே போடலாம். அத்தைக்காக நானே இரண்டு மெயில் எழுதினேன், தேதி போட்டு, டிக்கெட் எழுதுவதுபோல். பதின்மூன்றாம் நாள் பக்கம் திரும்ப வந்துவிட்டது. எதற்கு எடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், இரண்டுக்கும் காரணம் இல்லை. வந்ததில் அவளுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

சட்டம் போட்டால் வேலை நடக்கும் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். கட்டுப்பாடு என்றாலே உங்கள் ஆட்களுக்கு ஆகாது, கண்டுபிடிப்பு நின்றுவிடும் என்பார்கள். 2024 மார்ச் 1-ம் தேதி பாரத் மேட்ரிமோனி ஆப் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போனதே, நம் சென்னைக் கம்பெனி, கூடவே நௌக்ரி, இன்னும் சில. கட்டணத் தகராறு. கூகுள், ஆப்பில் வசூலாகும் பணத்தில் பதினைந்து முதல் முப்பது சதவீதம் தா, வேறு வழியில் காசு வாங்கினால் அதில் நாலு சதவீதம் குறைத்துக்கொள்கிறோம் என்றது, இவர்கள் அதுவும் அநியாயம் என்றார்கள். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற நம் ஊர்க் குடும்பங்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் நடுவில் உள்ள கதவு கலிபோர்னியாக்காரர்கள் கையில் இருக்கிறது. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், நம் போட்டி ஆணையம் பிளே ஸ்டோர் விஷயத்தில் 936 கோடி ரூபாய் அபராதம் போட்டிருந்தது, பிறகு தீர்ப்பாயம் அதை 216 கோடியாகக் குறைத்தது. அந்த ஆப்களைத் திரும்பக் கொண்டுவர மத்திய அமைச்சரே கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. அமைச்சர் கூப்பிட்டால் திறக்கிற கதவு, அத்தை கூப்பிட்டால் திறக்காது.

சரி, இனி அரசாங்கத்துக்கு வருகிறேன், நீ சொன்னதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

2018 மே மாதம் உனக்கு மறக்காது. தூத்துக்குடியில் 22-ம் தேதி ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, 13 பேர் செத்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். போன் பேச முடிந்தது, ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு படம் கூட வரவில்லை. நீ பெங்களூரிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜ் போட்டு, ஒற்றை டிக் மட்டும் விழுந்து, பயந்துபோய் நடு ராத்திரியில் போன் பண்ணினாய். நான் அன்றைக்கும் டிபார்ட்மென்டில்தான் இருந்தேன், கவுன்டரில். ஜனங்கள் வந்து என்னைக் கேட்கிறார்கள், "எப்ப வரும்மா நெட்?" எனக்கு என்ன தெரியும். துண்டித்தவர் கோட்டையில், கேள்வி கேட்கப்படுகிறவள் நான். இரண்டு வருஷம் கழித்து, 2020 ஜனவரியில், காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படி நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றது. வெளியிடு, அவ்வளவுதான். டிக்கெட்டைக் காட்டு என்பதுதானே அது.

அடுத்தது விகடன். உன் தாத்தா காலத்திலிருந்து நம் வீட்டுக்கு வருகிற பத்திரிகை. 1987-ல் அட்டையில் போட்ட ஒரு ஜோக்குக்காகச் சட்டசபையை அவமதித்துவிட்டார் என்று ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்றார்கள். ஊரே கொந்தளித்தது, சில நாளில் வெளியே விட்டார்கள், பின்னால் நீதிமன்றத்துக்குப் போய் அது தப்பு என்று தீர்ப்பும் ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். அநியாயம்தான், ஆனால் யார் தண்டித்தார், எந்த ஜோக்குக்கு, எத்தனை நாளைக்கு என்று மறுநாள் டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். 2025 பிப்ரவரி 15-ம் தேதி என்ன நடந்தது? விகடன் பிளஸ்ஸில் வந்த ஒரு கார்ட்டூன், டிரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக, அமெரிக்கா நம் ஆட்களை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய சமயம். அன்று சாயங்காலம் பலருக்கும் விகடன் தளமே திறக்கவில்லை. நெட்டுதான் சரியில்லை என்று நினைத்தவர்கள் எத்தனை பேரோ. ஒரு கார்ட்டூனுக்கு நூறு வருஷத்தை நெருங்கும் பத்திரிகையின் மொத்தத் தளத்துக்கும் பூட்டு. கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல மார்ச் 6 ஆகிவிட்டது.

கார்ட்டூன் உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அப்பாவுக்கும் பிடிக்கவில்லை, பிரதமரை அப்படிப் போடலாமா என்றார். இரண்டு நாள் எங்களுக்குள் வாக்குவாதம். ஆனால் பூட்டினவன் பெயர் தெரிய வேண்டும் என்பதில் அவரும் என் பக்கம்தான்.

இதை ஒரு கட்சி மேல் போட்டுவிட்டுப் போகாதே. இணையத்தில் உள்ளதை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ என்கிற பிரிவும், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட, பிறகு உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்த 66ஏ-வும் 2008-ல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் வந்த திருத்தம். ட்வீட் போட்டதற்காகப் புதுச்சேரியில் ஒருவரைக் கைது செய்தது 2012-ல், அப்போதும் மத்தியில் அதே ஆட்சி. 69ஏ-வுக்கான 2009 விதிகளில் பதினாறாம் விதி, தடை உத்தரவையும் புகாரையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அன்றைக்கு அவர்கள் எழுதிய ரகசியத்தை இன்றைக்கு இவர்கள் வசதியாகப் பயன்படுத்துகிறார்கள், நாளைக்கு வருகிறவர்களும் செய்வார்கள். உன் தோழி ஒருத்தி ஆட்சி மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றாளே, எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சாவி யார் கையில் இருந்தாலும் பூட்டத் தோன்றும்.

69ஏ-விலாவது ஒரு குழு, ஒரு விசாரணை என்று பேருக்கு இருக்கிறது. இப்போது அதையும் சுற்றிப் போக அதே சட்டத்தின் 79-ம் பிரிவு வழியாக ஒரு குறுக்குப் பாதை. 2024-ல் உள்துறை அமைச்சகம் சஹ்யோக் என்று ஒரு தளம் தொடங்கியது, பல அரசுத் துறைகளும் மாநிலப் போலீஸும் அதிலேயே நேராகக் கம்பெனிகளுக்கு இதை எடு, அதை எடு என்று அனுப்பலாம். எடுக்காவிட்டால் பயனர் போட்டதற்கு நீயே பொறுப்பு என்று பாதுகாப்பு போய்விடும். எக்ஸ் (பழைய ட்விட்டர்) கம்பெனி கர்நாடக உயர் நீதிமன்றம் போய் 2025 செப்டம்பரில் தோற்றது. அப்புறம் அரசாங்கமே விதியைத் திருத்தி, நவம்பர் 15 முதல் இணைச் செயலாளர் அந்தஸ்துக்குக் குறையாதவர், போலீஸ் என்றால் டி.ஐ.ஜி.க்குக் குறையாதவர் மட்டுமே அனுப்ப வேண்டும், எந்தச் சட்டம், எந்தப் பதிவு என்று எழுத வேண்டும் என்றது. பார்த்தாயா, ஒரு இனிஷியல் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சீட்டு உங்கள் கம்பெனி மேஜை வரைதான் வரும், பதிவு போட்டவன் கைக்கு வருவதற்கு அதில் வழி இல்லை.

அந்தக் கடைசி நாலடி தூரம்தான் உன் கையில் இருக்கிறது என்கிறேன். அரசாங்கம் எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டியிருக்கலாம். எடுத்ததை யாருக்கும் சொல்லாமல் விழுங்க வேண்டும் என்று எல்லா உத்தரவும் சொல்கிறதா? சொல்லாத இடத்திலும் நீங்கள் வாயை மூடிக்கொள்வது யாருக்காக? ஆபீஸ் நடத்த வேண்டும், லைசென்ஸ் வேண்டும், அமைச்சர் முகம் சுளிக்கக் கூடாது. புரிகிறது. உன் மேலதிகாரிகள் அயோக்கியர்கள் என்று நான் நினைக்கவில்லை, இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டவர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஆட்கள் எதிர்த்து நின்றதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு செய்தியை முதலில் அனுப்பியது யார் என்று காட்டு என்று 2021 விதிகள் கேட்டபோது வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. செய்திகளை மற்றவர் படிக்க முடியாமல் காக்கும் என்கிரிப்ஷன் பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போவோம் என்று 2024-ல் அவர்களின் வக்கீல் சொன்னார். எனக்கு அன்றைக்கு ரொம்பச் சந்தோஷம். ஏன் தெரியுமா? ஆபரேட்டராக நாங்கள் எல்லாவற்றையும் கேட்க முடியும். கல்யாணம் முறிந்தது, கடன் கழுத்தை நெரிக்கிறது, பிள்ளை ஓடிப்போனான், எல்லாம் காதில் விழும். வெளியே மூச்சு விடக் கூடாது, விட்டால் வேலை போகும். அரசாங்கம் ஒட்டுக் கேட்க வேண்டுமென்றால் கூட அப்போது இருந்த 1885 தந்திச் சட்டத்தில் பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்று காரணம் வேண்டியிருந்தது, 1996-ல் பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் உள்துறைச் செயலாளர் மட்டத்தில் எழுத்து மூலம் உத்தரவு வேண்டும் என்று இறுக்கியது. அந்தத் தீர்ப்பைப் பேப்பரில் வெட்டி வைத்திருந்தேன், இன்னும் பீரோவில் இருக்கும். அந்த வேலையில் முப்பத்தொன்பது வருஷம் இருந்தவளுக்கு வாட்ஸ்அப் செய்தது அத்தனை பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஆனால் அதே அளவு கோபத்தை ஒரு கார்ட்டூனிஸ்டுக்காகவோ உன் அத்தைக்காகவோ எந்தக் கம்பெனியும் காட்டி நான் பார்த்ததில்லை. அவர்கள் பூட்டு அவர்கள் வியாபாரம், அத்தையின் பக்கம் யாருடைய வியாபாரமும் இல்லை.

நீ இருக்கிற ஊரையே எடுத்துக்கொள். ஐரோப்பாவில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17-லிருந்து முழுசாக வந்துவிட்டது. ஒருத்தரின் பதிவையோ கணக்கையோ முடக்கினால் எந்த விதி, என்ன காரணம், இயந்திரம் முடிவெடுத்ததா, எங்கே முறையிடலாம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். மீறினால் அந்தக் கம்பெனியின் உலகளாவிய வருமானத்தில் ஆறு சதவீதம் வரை அபராதம். உங்கள் ஆபீஸ் டப்ளினில் இருப்பதால் அயர்லாந்தின் ஊடக ஆணையத்துக்குத்தான் நீங்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்படியானால் காரணம் எழுதுகிற மென்பொருளும் ஆட்களும் உங்களிடம் இருக்கிறார்கள். அயர்லாந்தில் ஒரு பாட்டி ஜாம் விற்கிற பக்கம் போனால் அவளுக்குக் காரணம் எழுதிய கடிதம், இங்கே கருப்பட்டி மிட்டாய் விற்கிற பாட்டிக்கு ஒற்றை வரி. இங்கேயும் பெரிய தளங்கள் காரணம் சொல்ல வேண்டும் என்று 2021 விதிகளில் இருக்கத்தான் செய்கிறது. அபராதத்துக்குப் பயந்து அங்கே செய்வதை இங்கே கேட்க ஆளில்லை என்பதால் செய்யாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கும் பொறுக்காது, எனக்குத் தெரியும், நீ சின்னதிலேயே ரேஷன் கடைக்காரரிடம் எடை காட்டச் சொல்லி நின்றவள்.

உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. அடுத்த மாதம் உங்கள் டீம் கூடி இந்தியா, இலங்கை வேண்டுகோள்களை எப்படிக் கையாளுவது என்று பேசப்போகிறது என்றாயே, அதில் இரண்டே கேள்வி கேள். ரகசியம் என்று சட்டம் வாயைக் கட்டாத ஒவ்வொரு உத்தரவையும் பதிவு போட்டவருக்கு அனுப்புகிறோமா? அனுப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தது யார், பெயர் என்ன? இலங்கையையும் விட்டுவிடாதே, 2024-ல் அங்கேயும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று கொண்டுவந்து எது பொய் என்று சொல்ல ஒரு ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள், நம் மொழியில் எழுதுகிறவர்கள் அங்கே எத்தனை பேர்.

கேட்டால் உனக்குக் கெட்ட பேர் வரலாம். வரட்டும் என்று சுலபமாகச் சொல்ல மாட்டேன், வீட்டுக் கடன் இருக்கிறது, விசா இருக்கிறது. யோசித்துக் கேள். எழுத்தில் கேள், தேதி போட்டுக் கேள்.

அப்புறம், அத்தை உனக்கு ரெண்டு கிலோ கருப்பட்டி மிட்டாய் கட்டி வைத்திருக்கிறாள், பக்கத்துத் தெருப் பையன் தைக்கு அப்புறம் டப்ளின் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். சுவெட்டர் போதுமா என்று அப்பா கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன், நீ தூக்கம் விட்டு எழுந்திருக்காதே.

அன்புடன்,
அம்மா